இறங்கும்போதா, ஏறும்போதா: ஸ்கூபா முக்குளிப்பில் தோன்றும் தொல்லைகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

காற்று நிரப்பிய சிலிண்டரைச் சுமந்து நீருக்குள் இறங்கும் ஸ்கூபா முக்குளிப்பைப் புதிதாகப் பழகுபவருக்கு நீருக்கடியில் ஏதேனும் தொல்லை தோன்றினால், அந்தக் கணத்தில் அவர் இறங்கிக்கொண்டிருந்தாரா, ஏறிக்கொண்டிருந்தாரா, அல்லது ஒரே ஆழத்தில் இருந்தாரா என்பதை அறிந்துகொண்டாலே காரணத்தில் பெரும்பகுதி விளங்கிவிடும். அழுத்தம் கூடும்போது வரும் தொல்லைகள் ஒரு வகை. குறையும்போது வருபவை வேறு வகை. மாறாத அழுத்தத்தில் வருபவை மூன்றாம் வகை. கீழே உள்ள வழிமுறை அந்த வரிசையையே பெரும்பாலும் பின்பற்றுகிறது. பயிற்றுநரின் நேரடிக் கண்காணிப்புக்கு இது மாற்றாகாது. அவர் சொல்வது ஏன் என்று புரிந்துகொள்ள உதவும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒரே ஒரு கணக்கை நினைவில் கொள்ள வேண்டும். கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம், பார் என்னும் அலகில், ஏறக்குறைய 1 பார். கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு பார் சேர்கிறது; ஆகவே 10 மீட்டரில் 2 பார், 20 மீட்டரில் 3 பார், 30 மீட்டரில் 4 பார். வெப்பநிலை மாறாதிருந்தால், அடைபட்ட வாயுவின் கன அளவு அழுத்தத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்று ராபர்ட் பாயில் 1662-ல் வெளியிட்ட விதி கூறுகிறது. மேற்பரப்பில் 6 லிட்டராக இருக்கும் காற்று 10 மீட்டரில் 3 லிட்டராகவும், 20 மீட்டரில் 2 லிட்டராகவும், 30 மீட்டரில் ஒன்றரை லிட்டராகவும் சுருங்கும். முதல் பத்து மீட்டர் மூன்று லிட்டரைத் தின்றுவிடுகிறது. மூன்றாவது பத்து மீட்டர் அரை லிட்டரைத்தான் தின்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் ஆபத்து இல்லை என்ற எண்ணம் தொடக்கநிலையினரிடம் பரவலாக இருக்கிறது. உடலிலும் கருவிகளிலும் அடைபட்ட காற்றைப் பொறுத்தவரை, மேற்பரப்பை ஒட்டிய அந்தப் பத்து மீட்டர்தான் மிகக் கடுமையான பகுதி.

இறங்கும்போது காது வலிக்கிறது

மிகவும் பொதுவான தொல்லை இதுவே. இரண்டு மூன்று மீட்டரிலேயே தொடங்கிவிடும். செவிப்பறைக்கு உட்புறத்தில் நடுச்செவி என்னும் காற்றறை உள்ளது. அதைத் தொண்டையோடு இணைக்கும் ஊஸ்டேக்கியன் குழாய் இயல்பான நிலையில் மூடியிருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மட்டும் சற்றுத் திறக்கும். ஒரு மீட்டர் இறங்கினால் வெளியே 0.1 பார் கூடுகிறது. குழாய் திறந்து உள்ளே அதே அளவு காற்றைச் சேர்க்காவிட்டால் செவிப்பறை உட்புறமாக வளைந்து வலிக்கும். இன்னும் இறங்கினால் அழுத்த வேறுபாடே குழாயின் மெல்லிய வாயை அழுத்தி மூடிவிடும். அதன் பிறகு எவ்வளவு ஊதினாலும் திறக்காது. வலி தொடங்கிய பின் காதைச் சமன்செய்ய முயல்வது காலந்தாழ்ந்த செயல் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

எனவே நீரில் தலை மூழ்கும் முன்பே ஒருமுறை சமன்செய்துகொண்டு, அதன் பின் அரை மீட்டருக்கு ஒருமுறை, வலிக்காகக் காத்திராமல், தொடர்ந்து செய்துவர வேண்டும். மூக்கை விரல்களால் பிடித்துக்கொண்டு மெதுவாக மூக்கு வழியே ஊதும் முறைக்கு இத்தாலிய உடற்கூற்றியலாளர் அந்தோனியோ வல்சால்வாவின் பெயர் வழங்குகிறது. காதைப் பற்றி 1704-ல் வெளியிட்ட நூலில் அவர் இதைக் காதில் தேங்கிய சீழை வெளியேற்றும் உத்தியாகத்தான் எழுதினார். முக்குளிப்போர் அதைத் தங்களுக்காக எடுத்துக்கொண்டார்கள். மூக்கைப் பிடித்தபடி எச்சிலை விழுங்குவது இதைவிட மென்மையானது. சிலருக்கு அதுவே நன்றாகப் பலிக்கிறது.

வலி தோன்றிவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும். உடனிருப்பவருக்குக் காதைச் சுட்டிக்காட்டிச் சைகை செய்துவிட்டு, ஒரு மீட்டர் மேலே ஏறி, வலி மறைந்த பின் மீண்டும் மெதுவாக முயல வேண்டும். ஒரு காது மட்டும் அடைத்திருந்தால், அந்தக் காது மேற்பரப்பை நோக்கும்படி தலையைச் சாய்த்து முயன்றால் பெரும்பாலும் திறக்கும். தலை கீழாக இறங்காமல், நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கால் கீழாக இறங்குவதும் உதவும். இத்தனைக்குப் பிறகும் திறக்கவில்லையென்றால் அன்றைய முக்குளிப்பைக் கைவிட வேண்டும். பலங்கொண்டமட்டும் ஊதினால் உட்செவியின் நுண்ணிய சவ்வுகள் கிழியக்கூடும். அப்படி நேரும் செவிட்டுத்தன்மை சில வேளைகளில் நிலைத்துவிடும்.

வலி திடீரென்று நின்று, உலகமே சுழல்வதுபோல் தோன்றினால், செவிப்பறை கிழிந்து குளிர்ந்த நீர் நடுச்செவிக்குள் புகுந்திருக்கலாம். அந்த நீர் உடல் வெப்பநிலையை எட்டும்போது சுழற்சி தணியும். அதுவரை கயிற்றையோ உடனிருப்பவரையோ பற்றிக்கொண்டு, மூச்சை நிறுத்தாமல் இருந்து, பின்னர் மெதுவாக ஏறிக் காது மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இறங்கும்போது முகமூடி முகத்தை உறிஞ்சிப் பிடிக்கிறது

முகமூடிக்குள் இருப்பதும் அடைபட்ட காற்றுதான். அது சுருங்கும்போது கண்ணைச் சுற்றியுள்ள மென்மையான தசையும் இரத்தக் குழாய்களும் உள்ளிழுக்கப்படுகின்றன. கவனிக்காமல் விட்டால் கண்வெள்ளை இரத்தச் சிவப்பாகிவிடும். மூக்கு வழியே சிறிதளவு காற்றை முகமூடிக்குள் விட்டால் போதும். மூக்கை உள்ளடக்காத நீச்சல் கண்ணாடியை அணிந்து ஆழத்துக்குச் செல்லக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்: அதற்குள் காற்றைச் சேர்க்க வழியே இல்லை.

ஏறும்போது காதிலோ நெற்றியிலோ பல்லிலோ வலி

இறங்கும்போது எப்படியோ உள்ளே புகுந்த காற்று, ஏறும்போது விரிந்து வெளியேற வழியின்றி அடைபட்டுவிட்டது என்பது இதன் பொருள். சளிப்பிடித்த நிலையில் மூக்கடைப்பு மாத்திரை உண்டுவிட்டு இறங்கியவர்களுக்கு இது அதிகம் நேரும்; மாத்திரையின் வேலை கடலடியிலேயே முடிந்துபோகும், சளிச்சவ்வு மீண்டும் வீங்கும். மூக்கைப் பிடித்து ஊதுவது இங்கே நிலைமையை மோசமாக்கும், ஏனெனில் உள்ளே ஏற்கெனவே காற்று மிகுதி. ஏறுவதை நிறுத்தி, ஓரிரு மீட்டர் கீழே இறங்கி, விழுங்கியும் தாடையை அசைத்தும் பார்த்துவிட்டு, முன்பைவிட மெதுவாக ஏற வேண்டும். இறங்கும்போது சமன்செய்ய முடியாவிட்டால் திரும்பிவிடலாம். ஏறும்போது அந்தத் தெரிவு இல்லை, சிலிண்டரில் காற்று இருக்கும் நேரத்துக்குள் மேலே வந்தே தீர வேண்டும். சளி பிடித்த நாளில் கடலுக்குப் போகாமலிருப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. பல்லில் வலி வந்தால், நிரப்பிய பல்லுக்கு அடியில் சிறு காற்றிடம் இருக்கக்கூடும் என்று பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கல்லைப்போல் மூழ்குகிறது, பிறகு பந்தைப்போல் மேலே பாய்கிறது

இவை இரண்டும் எதிரெதிரான தொல்லைகளாகத் தோன்றினாலும், பெரும்பாலான நேரங்களில் இரண்டுக்கும் காரணம் ஒன்றே: இடுப்பில் கட்டிய ஈயத்தின் எடை மிகுதி.

ஒருவர் தேவைக்கு மேல் 3 கிலோ ஈயம் கட்டியிருக்கிறார் என்று கொள்வோம். அந்த எடையை ஈடுகட்ட, பிசிடி எனப்படும் காற்றுச் சட்டைக்குள் அவர் கூடுதலாக 3 லிட்டர் காற்றை ஏற்ற வேண்டும்; ஒரு லிட்டர் நீரை விலக்கினால் ஏறக்குறைய ஒரு கிலோ மிதப்பு விசை கிடைக்கும் என்ற ஆர்க்கிமிடிஸின் கணக்குதான் இது. பத்து மீட்டரில் 3 லிட்டராக இருக்கும் அந்தக் காற்று, அவர் 5 மீட்டருக்கு ஏறினால் 4 லிட்டராகும். எங்கிருந்தோ ஒரு கிலோ தூக்குவிசை புதிதாகச் சேர்ந்துவிடுகிறது. அது அவரை மேலும் தூக்கும். தூக்கத் தூக்கக் காற்று மேலும் விரியும். மேற்பரப்பில் அது 6 லிட்டர். மாறாக, அவர் சற்றே இறங்கிவிட்டால் காற்று சுருங்கி, அவர் மேலும் வேகமாக மூழ்குவார். சட்டைக்குள் காற்று எவ்வளவு அதிகமோ, அந்த அளவுக்கு இந்த இருபக்க வழுக்கலும் அதிகம். சரியான எடையுடன் இருப்பவரின் சட்டையில் சிறிதளவு காற்றே இருப்பதால் அவருடைய நிலை எளிதில் குலைவதில்லை. சுற்றுலா இடங்களில் புதியவர் இறங்கச் சிரமப்படுகிறார் என்றதும் இரண்டு ஈயக் கட்டிகளைக் கூடுதலாக மாட்டிவிடுவது கண்காணிப்பவருக்கு வசதியாக இருக்கலாம். பழகுபவருக்கு அது நன்மை செய்வதில்லை.

எடையைச் சரிபார்க்க, மேற்பரப்பில் செங்குத்தாக நின்று, சட்டைக் காற்று முழுவதையும் வெளியேற்றி, இயல்பான அளவு மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். நீர்மட்டம் கண்ணளவில் நின்று, மூச்சை விட்டதும் மெதுவாக மூழ்கினால் எடை ஏறக்குறையச் சரி. நிறைந்த சிலிண்டருடன் இந்தச் சோதனையைச் செய்தால் 2 கிலோ கூடுதலாகச் சேர்க்க வேண்டும், ஏனெனில் காற்றுக்கும் எடை உண்டு. அந்தமானில் ஹேவ்லாக் என்று அறியப்பட்டு இன்று சுவராஜ் த்வீப் எனப்படும் தீவிலும் புதுச்சேரிக் கடலிலும் பழகுபவர்கள் பெரும்பாலும் சுமக்கும் அலுமினிய சிலிண்டரின் உட்கொள்ளளவு ஏறக்குறைய 11 லிட்டர். அதை 200 பாரிலிருந்து 50 பார் வரை பயன்படுத்தினால் 1,650 லிட்டர் காற்று, அதாவது ஏறத்தாழ 2 கிலோ, குமிழ்களாகப் போய்விடும். முக்குளிப்பின் இறுதியில் 5 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே இழுக்கப்படுகிறவர்கள் இந்த 2 கிலோவை மறந்தவர்களே.

நீச்சல் குளத்தில் சரியாக இருந்த எடை கடலில் போதாமல் போவதும் இயல்பு. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட ஏறக்குறைய இரண்டரை விழுக்காடு கூடுதல். உடலும் கருவிகளும் சேர்ந்து 100 லிட்டர் இடத்தை அடைத்தால், கடலில் இரண்டரை கிலோ கூடுதலாக வேண்டும். வெட்சூட் எனப்படும் முக்குளிப்பு உடையின் நியோப்ரீன் ரப்பருக்குள் உள்ள நுண்குமிழ்களும் ஆழத்தில் நசுங்கி மிதப்பை இழக்கும் என்பதால், மேற்பரப்பில் தொடங்கும் இறக்கம் சில மீட்டருக்குப் பின் தானாகவே வேகமெடுக்கும். அப்போது சிறிது சிறிதாகக் காற்றை ஏற்றி, அதன் விளைவு தெரிய ஓரிரு நொடி காத்திருந்து, தேவைப்பட்டால் மீண்டும் ஏற்ற வேண்டும்.

கட்டுப்பாடின்றி மேலே பாயத் தொடங்கினால், தொடர்ந்து மூச்சை வெளியே விட்டுக்கொண்டே சட்டைக் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று எப்போதும் மேற்புறத்தில்தான் தேங்கும். ஆகவே வெளியேற்றும் குழாயைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, உடலை நிமிர்த்திக்கொண்டால்தான் அது வெளியே போகும். படுத்த நிலையில் பொத்தானை அழுத்திவிட்டுக் காற்று போகவில்லையே என்று பதறுபவர்கள் உண்டு.

காற்று எதிர்பார்த்ததைவிட விரைவில் தீர்கிறது

முதலில், குறைந்தது காற்றா அழுத்தமா என்று பார்க்க வேண்டும். வெயிலில் கிடந்த படகில் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 200 பார் காட்டிய சிலிண்டர், 28 டிகிரி கடல்நீரில் குளிர்ந்ததும் 186 பார் காட்டும். கசிவு ஏதும் இல்லை. கன அளவு மாறாத வாயுவின் அழுத்தம் அதன் தனி வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் குறைந்திருக்கிறது, அவ்வளவே. குமிழ்ச் சரம் எதுவும் தெரியாமல், நீரில் இறங்கிய முதல் சில நிமிடங்களில் மட்டும் அழுத்தமானியின் முள் சற்று இறங்கினால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் திட்டமிடும்போது குளிர்ந்த அளவையே கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுத்தது ஆழம். சிலிண்டரின் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடான அழுத்தத்தில் அதைத் தருகிறது. அப்படித் தராவிட்டால் மார்புத் தசைகளால் மூச்சை இழுக்கவே முடியாது. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குபவர் 10 மீட்டரில் அதே மூச்சுக்கு 40 லிட்டரும், 20 மீட்டரில் 60 லிட்டரும் செலவிடுகிறார். மேலே சொன்ன 1,650 லிட்டர் 10 மீட்டரில் ஏறக்குறைய 41 நிமிடம் வரும். 20 மீட்டரில் 27 நிமிடம்தான். நண்பரைவிடத் தமக்குக் காற்று விரைவில் தீர்கிறது என்று வருந்துபவர், அவரைவிட இரண்டு மூன்று மீட்டர் கூடுதல் ஆழத்தில் நீந்திக்கொண்டிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஆழமும் காரணமில்லையெனில், வேகத்தையும் உடல் சாய்வையும் ஆராய வேண்டும். நீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுவதால், வேகத்தை இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது, அதை வெல்லத் தேவையான திறனோ எட்டு மடங்கு. இடுப்பு ஈயம் மிகுந்து கால்கள் தொங்கினால், உடல் சாய்ந்த பலகையாக நீரைத் தள்ளிக்கொண்டு போகும். ஈயத்தைக் குறைத்தாலே காற்றுச் செலவு குறையும். காற்றை மிச்சம் பிடிப்பதற்காக ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவே நிறுத்திப் பிடிக்கும் பழக்கம் கூடாது. கரியமில வாயு தேங்கித் தலைவலி வரும், இறுதியில் காற்றும் மிஞ்சாது.

மூச்சு போதவில்லை என்ற உணர்வு

நீரில் இறங்கும் முன் அழுத்தமானியைப் பார்த்தபடி சில முறை ஆழமாக மூச்சிழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் இறங்கி மீண்டும் ஏறினால், சிலிண்டரின் திருகு முழுவதும் திறக்கப்படவில்லை. மேற்பரப்பில் இது தொல்லை தராது. 20 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மும்மடங்கு காற்று அந்த இடுக்கு வழியே வர வேண்டியிருப்பதால் அங்கேதான் திணறல் தெரியும்.

முள் அசையவில்லை, அழுத்தமும் போதிய அளவு இருக்கிறது, ஆயினும் மூச்சு வாங்குகிறது என்றால் தேங்கியிருப்பது பெரும்பாலும் கரியமில வாயு. மேலும் இழுக்க வேண்டும் என்று உடல் தூண்டும். செய்ய வேண்டியதோ முழுவதுமாக வெளியே விடுவது. நீந்துவதை நிறுத்தி, பவளத்தைத் தவிர வேறெதையாவது பற்றிக்கொண்டு, நீண்ட மூச்சுகளாக வெளியே விட்டால் ஓரிரு நிமிடத்தில் தணியும். தணியாவிட்டால் உடனிருப்பவருடன் மேலே திரும்ப வேண்டும்.

வாயிலிருந்து எடுத்த ரெகுலேட்டர் மேற்பரப்பில் தானாகக் காற்றைப் பீய்ச்சினால், அதன் வாய்ப்பகுதி மேல்நோக்கி இருக்கிறது என்று பொருள். கீழே உள்ள சவ்வின் மேல் நீரழுத்தம் சற்றுக் கூடுதலாக விழுந்து, மூச்சிழுப்பதாக எண்ணி வால்வு திறந்துகொள்கிறது. வாய்ப்பகுதியைக் கீழ்நோக்கித் திருப்பினால் நிற்கும்.

கண்ணும் காதும் ஏமாற்றுவது, குளிர்

முகமூடியின் தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும்போது ஒளி முறிவால் பொருள்கள் உண்மைத் தொலைவின் முக்கால் பங்கில் இருப்பதாகத் தோன்றும். நீட்டிய கை எட்டாமல் போவது அதனால்தான். சிவப்பு நிறம் முதல் சில மீட்டரிலேயே நீரால் உறிஞ்சப்பட்டுவிடுவதால், ஆழத்தில் விரலில் கீறல் பட்டு வரும் இரத்தம் பச்சை கலந்த கருமையாகத் தெரியும், பதற வேண்டியதில்லை. ஆனால் படகின் இயந்திர ஒலியை இலேசாக எண்ணக் கூடாது. நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் செல்வதால் இரு காதுகளையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அடைகிறது, திசை தெரிவதில்லை. மேலே ஏறும்போது சுற்றிலும் திரும்பிப் பார்த்தே ஏற வேண்டும். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவதால் 28 டிகிரி நீரிலும் ஒரு மணி நேரத்தில் நடுக்கம் வரலாம். நடுக்கம் தொடங்கிவிட்டால் அந்த முக்குளிப்பு முடிந்தது.

காரணமில்லாத மகிழ்ச்சி, மந்தம், அல்லது அச்சம்

ஏறக்குறைய 30 மீட்டரை நெருங்கும்போது நைட்ரஜனின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அந்த வாயுவின் பங்கு) 3 பாரைத் தாண்டி, மதுவைப்போல் சிந்தனையை மந்தமாக்கும். அழுத்தமானியைப் பார்த்த பின்னும் எண் மனத்தில் நிற்காமல் போவது தெளிவான அறிகுறி. சில மீட்டர் ஏறினாலே தெளிந்துவிடும். தொடக்கநிலைச் சான்றிதழின் வழக்கமான எல்லையான 18 மீட்டருக்குள் இருப்பவருக்கு இது அரிது. மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9-ல் மூழ்கடிக்கப்பட்ட ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது. அதைக் காண ஆசைப்படும் புதியவர், அங்கே அழுத்தம் 6 பாரைத் தாண்டும் என்பதையும், சாதாரணக் காற்றின் ஆக்சிஜனே 56 மீட்டர் அளவில் 1.4 பார் என்னும் பாதுகாப்பு வரம்பைத் தொடும் என்பதையும் எண்ணி, தொழில்நுட்ப முக்குளிப்புப் பயிற்சி முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

மேலே வந்த பின் தோன்றும் அறிகுறிகள்

இங்கே காலமே வழிகாட்டி. மேற்பரப்பை அடைந்த சில நிமிடங்களுக்குள் நெஞ்சு வலி, இரத்தம் கலந்த இருமல், குரல் மாற்றம், கழுத்துத் தோலுக்கடியில் நொறுநொறுப்பு, ஒருபக்கச் செயலிழப்பு, நினைவிழப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறியதால் நுரையீரல் கிழிந்திருக்கும் என்றே முதலில் ஐயப்பட வேண்டும். பத்து மீட்டரில் இழுத்துப் பிடித்த 5 லிட்டர் மூச்சு மேற்பரப்பில் 10 லிட்டராக முயலும். 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு ஏறினால் அதே 5 லிட்டர் 6.7 லிட்டர்தான் ஆகும். நிறைந்த நுரையீரலுக்கு ஒன்றரை மீட்டர் ஏற்றமே போதும் என்பதால், பயிற்சிக் குளத்திலும் மூச்சைப் பிடிக்கக் கூடாது என்ற விதிக்கு விலக்கு இல்லை.

சில மணி நேரத்துக்குள் மூட்டு வலி, மரத்துப்போதல், தோலில் புள்ளிகள், இயல்புக்கு மீறிய களைப்பு தோன்றினால், உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழாகியிருக்கலாம். அழுத்தம் கூடும்போது திரவத்தில் கரையும் வாயு கூடும். அழுத்தம் விரைந்து குறைந்தால் அது கரைந்தபடி இருக்க இயலாது. வெற்றிடக் கலத்தில் வைத்த விரியன் பாம்பின் கண்ணில் குமிழொன்று நகர்வதைக் கண்டு 1670-ல் எழுதியவரும் அதே பாயில்தான். கட்டங்கட்டமாக நின்று ஏறும் முறையை ஆடுகளிடம் சோதித்து அட்டவணையாக 1908-ல் தந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். இன்று நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாத வேகமும், 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தமும் வழக்கம்.

விமானத்தின் உள்ளறை அழுத்தம் நிலத்தைவிடக் குறைவு என்பதால், ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பின் 12 மணி நேரமும், பல முக்குளிப்புகளுக்குப் பின் 18 மணி நேரமும் பறக்காமலிருக்க வேண்டும். இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரிலிருந்து சென்னை திரும்புபவர் கடைசி நாளைக் கடலுக்கு ஒதுக்கக் கூடாது. புதுச்சேரியில் முக்குளித்துவிட்டு அன்றிரவே 2,240 மீட்டர் உயரத்து உதகைக்குக் காரில் ஏறுவதும் அழுத்தக் கணக்கில் விமானப் பயணத்துக்கு ஏறக்குறைய நிகரானதே.

நுரையீரல் கிழிவு, நைட்ரஜன் குமிழ் ஆகிய இரு நிலைகளிலும் முதலுதவி ஒன்றே. பாதிக்கப்பட்டவரைச் சமதளத்தில் படுக்க வைத்து, படகில் உள்ள ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து தூய ஆக்சிஜன் கொடுத்து, உயர் அழுத்த அறை வசதியுள்ள மருத்துவமனையை அணுக வேண்டும். வலி குறையும் என்று எண்ணி அவரை மீண்டும் நீருக்குள் இறக்கக் கூடாது. ஆக்சிஜன் கொடுத்ததும் வலி மறைந்துவிட்டாலும் மருத்துவரிடம் செல்வதைத் தவிர்க்கக் கூடாது. சென்ற ஆழம், இருந்த நேரம், ஏறிய வேகம், அறிகுறி தொடங்கிய மணி ஆகியவற்றை எழுதி எடுத்துக்கொண்டு, மணிக்கட்டில் அணிந்திருந்த, ஆழத்தையும் நேரத்தையும் பதிவுசெய்யும் டைவ் கம்ப்யூட்டரையும் அவருடனேயே அனுப்ப வேண்டும்.